பாண்டுக்காரர்க்கு எட்டு நாற்காலி



சென்ற கோடையில் பசுவந்தனைச் சாலையோரத்து வேப்பமர நிழலில், கலியாண ஊர்வலம் முடிந்த களைப்போடு பாண்டு வாத்தியக்காரர் எண்மர் அமர்ந்திருக்கக் கண்டேன். சிவப்புச் சட்டையும் அதன் பொன்னிறச் சரிகையும் வியர்வையில் ஊறிக் கிடந்தன. கிளாரினெட்டைத் துடைத்துக் கொண்டிருந்த பெரியவரிடம், “நீண்ட உருப்படி ஏதேனும் வாசிப்பதுண்டா?” என்று வினவினேன்.

“நடந்துக்கிட்டே வாசிக்கிறவனுக்கு நீளமா எதுக்கு அண்ணாச்சி? உக்காந்து வாசின்னு எங்கள யாரும் சொன்னதில்லையே” என்றார்.

அச்சொல் என் நெஞ்சில் தைத்தது. நம் பங்குத் திருவிழாக்களிலும் இதே நிலைதானே! கொடியேற்றத்திற்குப் பாண்டு வேண்டும். சப்பரப் பவனிக்கும் வேண்டும். பவனி கோயில் முற்றத்தை அடைந்து ஆசீர் முடிந்தபின், அவர்கள் உண்டார்களா, எங்கே உறங்கினார்கள் என்று கேட்பார் எத்தனை பேர்? அவர்களுடைய இசையை ஊர்வலத்தின் ஓசையாகக் கொள்கிறோமேயன்றி, அமர்ந்து கேட்கத் தக்க இசையாகக் கருதுவதில்லை.

மேலைநாட்டில் இக்குறையை உணர்ந்து எழுதியவர்கள் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டிலேயே செல்வர்களின் தோட்டங்களில் விருந்தினர் மனமகிழ, கிளாரினெட், ஓபோ, கொம்பு, பசூன் முதலிய துளைக்கருவிகளுக்கென்று சிறு சிறு பகுதிகளாகப் பிரித்த இசைத் தொகுதிகளை மொசார்ட் போன்றோர் இயற்றினர். ‘திவெர்திமெந்தோ’ என்று இத்தாலிய மொழியில் வழங்கிய பெயருக்குப் பொழுதுபோக்கு என்பதே பொருள். பின்னர் வந்த நூற்றாண்டில் இசைக்குழுக்கள் பெருத்தன. உணர்ச்சிப் பெருக்கும் மிகுந்தது. முதல் உலகப் போருக்குப்பின் அதில் சலிப்புற்ற இசைப்புலவர் சிலர், பழைய அளவான வடிவங்களையே புதிய சுவையோடு கையாளத் தலைப்பட்டனர். ஸ்ட்ராவின்ஸ்கி 1923-இல் எட்டே துளைக்கருவிகளுக்கு ஒரு படைப்பைத் தந்தார். ஒரு புல்லாங்குழல், ஒரு கிளாரினெட், இரண்டு பசூன், இரண்டு டிரம்பெட், இரண்டு டிராம்போன் - அவ்வளவே. வேப்பமரத்தடியில் நான் கண்டவர்களும் எண்மரே அன்றோ!

அவ்வழியில் வந்தவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது, அமெரிக்கரான வின்சென்ட் பெர்சிகெட்டி பாண்டுக்கென எழுதிய திவெர்திமெந்தோ. 1949-இல் அவர் அதனை முழு இசைக்குழுவுக்காகத்தான் எழுதத் தொடங்கினார். பித்தளைக் குழல்களும் மரக்குழல்களும் ஒன்றுக்கொன்று எதிர்மொழி பேச, பேரிகை ஊடே முழங்கியது. இனி வயலின் கூட்டம் நுழைய வேண்டிய இடம். சற்றே எழுதிப் பார்த்தவர்க்கு, வயலினுக்கு அங்கே வேலையில்லை என்பது புலனாயிற்று! துளைக்கருவிகளும் தாளக்கருவிகளுமே போதும் என்று முடித்துவிட்டார். முகவுரை, பாட்டு, நடனம், கேலிக்கூத்து, தனிமொழி, அணிநடை என ஆறு பகுதிகள். மொத்தம் பத்துப் பதினொரு நிமிடந்தான். அணிநடை இறுதியில் வருகிறது; அதற்குமுன், தனிமொழியில் ஒரே ஒரு கார்னெட் தன் மனத்தைத் திறந்து பேசுகிறது. 1950 ஜூன் 16 அன்று, நியூயார்க் பூங்காக்களில் பொதுமக்களுக்கு இலவசமாக இசைவழங்கி வந்த கோல்ட்மன் குழு பெர்சிகெட்டியின் தலைமையில் இதனை முதன்முதல் வாசித்தது.

‘அமெரிக்கப் பூங்கா எங்கே, நம் கரிசற்காடு எங்கே’ என்று நகைக்க வேண்டா. பசுவந்தனைக்கு அண்டையிலுள்ள எட்டயபுரத்தில்தான் முத்துசுவாமி தீட்சிதர் 1835-இல், தீபாவளி நாளன்று உயிர் நீத்தார். அவருடைய சமாதியும் அங்கேயே உள்ளது. ஆழ்ந்த, நிதானமான கிருதிகளுக்குப் பெயர்பெற்ற அப்பெருமகனார், இளமையில் சென்னையை அடுத்த மணலியில் வாழ்ந்தபோது, புனித ஜார்ஜ் கோட்டையில் ஆங்கிலேயரின் பாண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்டார். அவர் தம்பி பாலுசுவாமி வயலின் பயின்றதும் அத்தொடர்பினால்தான். பிற்காலத்தில் எட்டயபுரம் அரசவையில் வித்துவானாக விளங்கியவர் அவரே. தீட்சிதர் அந்தப் பாண்டு மெட்டுகளை இழிவென்று ஒதுக்காமல், அவற்றுக்கு வடமொழியில் சொற்களைப் பொருத்தினார். சங்கராபரணத்தில், கமகமின்றி, நேராக ஒலிக்கும் இவ்வுருப்படிகள் ஏறத்தாழ 40. ‘நோட்’ என்னும் ஆங்கிலச் சொல்லால் இவற்றுக்கு நோட்டுஸ்வரம் என்று பெயர் வந்தது. ‘சந்ததம் பாஹிமாம்’ என்பதன் மெட்டு ஆங்கிலேயரின் அரச வாழ்த்து. ‘சியாமளே மீனாட்சி’யின் மெட்டோ நம் வீட்டுக் குழந்தைகள் ‘டிவிங்கிள் டிவிங்கிள்’ என்று பாடுவது. பிரான்சு நாட்டிலிருந்து வந்தது. இதே எளிய மெட்டை வைத்து மொசார்ட் பியானோவுக்குப் பன்னிரண்டு மாறுபாடுகள் புனைந்தார். எளிமையானது என்பதற்காகப் பெரியோர் எதையும் கைவிட்டதில்லை போலும்.

கிறிஸ்தவரான சின்னசாமி முதலியார் என்பவரையும் இங்கே நினைக்க வேண்டும். நம் நாட்டு இசையை மேலைநாட்டு ஐங்கோட்டுக் குறியீட்டில் எழுதி 1893-இல் வெளியிட்டவர் அவர். எட்டயபுரத்துச் சுப்பராம தீட்சிதரிடமிருந்த கீர்த்தனைகள் அச்சேற வேண்டும் என்று தூண்டியவர்களுள் ஒருவரும் அவரே. அவ்வாறு 1904-இல் எட்டயபுரத்தில் அச்சாகி வந்ததுதான் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’. ஐங்கோடு படிக்கும் பாண்டுக்காரர்க்கு அவர் செய்தது எவ்வளவு பெரிய உதவி!

நோட்டுஸ்வர மெட்டுகளில் ஐந்தைத் தெரிந்தெடுத்து, விரைவும் நிதானமுமாய் மாற்றி அடுக்கினால், நம் பாண்டுக்கு ஒரு திவெர்திமெந்தோ ஆயத்தம். சொற்கள் இந்து தெய்வங்களைப் போற்றுவனவாயிற்றே என்று சில அன்பர் தயங்கக்கூடும். குழல் சொற்களை வாசிப்பதில்லை. மெட்டோ கோட்டைச் சிப்பாய்களுடையது. அவர்களிடமிருந்து தீட்சிதர் கூசாமல் பெற்றுக்கொண்டதை நாம் பெறுவதற்கு ஏன் கூச வேண்டும்?

இரு வாரங்கள் கழித்து அப்பெரியவரை மீண்டும் சந்தித்து இவ்வளவும் சொன்னேன். அவர் பேசாமல் கிளாரினெட்டை எடுத்து அந்தக் குழந்தைப் பாட்டை வாசித்தார். இரண்டாம் முறை வாசிக்கையில், யூபோனியம் வைத்திருந்த இளைஞன் அடிச்சுரம் பிடித்தான். டிரம்காரர் மட்டும் குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டிருந்தார். மூன்றாம் முறை மெட்டு சற்றே வளைந்து வேறொரு முகம் காட்டிற்று, யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

“எட்டயபுரத்துல இருந்தவரா இதுக்குப் பாட்டுக் கட்டினாரு?” என்று கேட்டவர், சற்று யோசித்து, “திருநாளு முடிஞ்ச மறுநாள் சாயங்காலம் வாறோம் அண்ணாச்சி. எட்டு நாற்காலி மட்டும் போட்டு வையுங்க” என்றார்.

உபதேசியாரிடம் சொல்லியிருக்கிறேன்.