பழந்துவக்கின் விலை

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது நம்மவர் முதுமொழி. யானையை வீழ்த்தும் துவக்குக்கும் இம்மொழி பொருந்துமா என்பதை இவ்வாரம் சற்று ஆராய்வோம். குடும்பத்தார் படிக்கும் பக்கத்தில் துவக்குக்கு என்ன வேலை என்று சிலர் புருவத்தை நெரிக்கலாம். நாம் பேசப்புகுவது வேட்டையை அன்று, விலையையே. பழம்பொருள் ஒன்றுக்கு விலை எவ்வாறு பிறக்கின்றது, எவ்வாறு மடிகின்றது என்பதை விளக்க இதனினும் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

வட்டுக்கோட்டையாருக்கு அமெரிக்க தேசம் அந்நியமானதன்று. 1823 ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனார் இங்கே செமினரியை நிறுவினர். டானியேல் பூவர் அதன் முதல் அதிபராயிருந்தார். 1855 இல் அது மூடப்பட்டது. 1872 இல் அதன் வழிவந்த யாழ்ப்பாணக் கல்லூரி தோன்றிற்று. அம்மிஷனாருட் பலர் அமெரிக்காவின் வடகீழ்ப் பகுதியிலிருந்து வந்தவர்கள். அதே பகுதியிலுள்ள நியூஹேவன் நகரைத் தன் இருப்பிடமாகக் கொண்டிருந்ததுதான் 1866 இல் எழுந்த வின்செஸ்டர் துவக்குக் கம்பனி. அதன் தலைவர் ஒலிவர் வின்செஸ்டர் முன்னர் சட்டை தைத்து விற்ற வியாபாரி என்பது மாணவர்களுக்கு வியப்பளிக்கலாம்.

அக்கம்பனியின் பெயரை உலகறியச் செய்தது நெம்புகோல் துவக்கு. விசையைச் சூழ்ந்துள்ள வளையமே அதன் நெம்புகோல். அதைக் கீழே தள்ளினால் வெடித்த தோட்டாவின் வெற்றுக்கூடு வெளியே தெறிக்கும். மேலே இழுத்தால் புதுத் தோட்டா உள்ளே புகும். பெரும்பாலானவற்றில் குழலின் கீழே மற்றொரு குழாய் உண்டு. தோட்டாக்கள் அதனுள் ஒன்றன்பின் ஒன்றாய்ப் படுத்திருக்கும். கூரிய முனையுள்ள சன்னம் முன்னிருக்கும் தோட்டாவின் அடியைக் குத்தி வெடிக்கச் செய்யுமாதலால், இவற்றுக்குத் தட்டை முனைச் சன்னங்களே வழங்கின.

இனி, விலைக்கு வருவோம். அரியதே விலையுயர்ந்தது என்பர். இது பாதி உண்மை. 1894 ஆம் ஆண்டு மாதிரித் துவக்கு எழுபது இலட்சத்துக்கும் மேற்பட்டுச் செய்யப்பட்டது. ஆகவே அதன் சாதாரண வகைகள் அமெரிக்கச் சந்தையில் இன்றும் சில நூறு டொலரிலிருந்து ஆயிரம் டொலரைச் சூழ்ந்த விலைக்கே கைமாறுகின்றன. 1895 ஆம் ஆண்டு மாதிரியோ ஏறக்குறைய நாலேகால் இலட்சமே செய்யப்பட்டது. அதிலும் பெரும்பகுதியான இரண்டு இலட்சத்துத் தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்டவை முதலாம் உலகப்போரின்போது ருஷ்யப் பேரரசின் படைக்குச் சென்றன. எஞ்சிய வேட்டைத் துவக்குகள் அருகிவிட்டமையால் அவற்றுக்கு மதிப்பு உயர்ந்தது. 1909 இல் கிழக்காபிரிக்காவுக்கு வேட்டைக்குச் சென்ற தியடோர் ரூஸ்வெல்ட் இவ்வகைத் துவக்கை விரும்பிக் கையாண்டமையும் அதன் புகழுக்கு உரமிட்டது.

ஆனால் அருமை மட்டும் போதாது. வேண்டுவோர் இருத்தல் வேண்டும். 1873 ஆம் ஆண்டு மாதிரியில், மிகச் செம்மையாகச் சுடும் குழல்களைத் தெரிந்தெடுத்து, ‘ஆயிரத்துள் ஒன்று’ என்று பொறித்து நூறு டொலருக்குக் கம்பனி விற்றது. இவ்வாறு வெளிவந்தவை நூற்றுமுப்பதைச் சூழ்ந்தவையே. நெடுங்காலம் அவற்றை நாடித் திரிந்தோர் மிகச் சிலர். 1950 இல் ‘வின்செஸ்டர் 73’ என்ற திரைப்படம் வந்தது. படத்துக்கு விளம்பரமாக, எஞ்சியிருக்கும் ‘ஆயிரத்துள் ஒன்று’ துவக்குகள் எங்கே என்று படக்கம்பனியார் நாடெங்கும் தேடுவித்தனர். வீடுகளின் மூலைகளிற் கிடந்தவை வெளிவந்தன. இன்று அவை இலட்சம் டொலருக்கும் மேலே விலைபோகின்றன. இரும்பும் மரமும் முன்னிருந்தவையே. மாறியது மனிதர் மனம்.

மற்றொரு வேடிக்கையும் உண்டு. அருமையே சிலவேளை விலையைக் குறைக்கும். சவேஜ் கம்பனி 1899 இல் வெளியிட்ட துவக்கு நூதனமானது. குழாய்க்குப் பதிலாகச் சுழலும் பெட்டியில் தோட்டாக்களை வைத்தமையால் கூரிய சன்னங்களையும் அது ஏற்றது. ஆயினும் அதன் சில வகைகளுக்குரிய தோட்டாக்கள் இன்று கிடைப்பது அரிது. ‘303 சவேஜ்’ அவற்றுள் ஒன்று. நம் நாட்டில் பலரும் பெயரறிந்த ஆங்கிலப் படையின் 303 தோட்டா வேறு, இது வேறு. எண் ஒன்றாயிருத்தலால் ஒன்றுக்கு ஒன்று பதிலாகாது. சுடுவதற்கு வாங்குபவன் இதனைக் கண்டு விலகுவான். சேகரிப்போன் இதனையே தேடி அலைவான். ஒரே பொருளுக்கு இரு விலை இருப்பதன் காரணம் இதுவே.

மூன்றாவது, நிலை. தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே நிறமும் மரமும் திருகாணியும் மாறாதிருந்தால் விலை உச்சத்தில் நிற்கும். அழகுபடுத்துவோம் என்றெண்ணித் தேய்த்து மெருகிட்டுப் புதுச்சாயம் பூசினால், பாதிக்கு மேல் மதிப்புப் பறந்துவிடுவதும் உண்டு. வின்செஸ்டர் கம்பனி 1964 இல் செலவைச் சுருக்கும் பொருட்டுச் செய்முறையை மாற்றியது. அதற்கு முற்பட்டவற்றுக்கு இன்றும் தனி விலை. கைவேலையின் அருமையைச் சந்தை மறப்பதில்லை.

நான்காவது, சான்று. வின்செஸ்டரின் பழைய ஏடுகள் பல வயோமிங் மாநிலத்துக் கோடி நகர் நூதனசாலையிற் காக்கப்பட்டுள்ளன. துவக்கின் தொடரிலக்கத்தைக் கொடுத்தால், அது என்று எவ்வடிவில் தொழிற்சாலையை விட்டுச் சென்றது என்பதை அங்குள்ளோர் எழுத்தில் தருவர். அந்த ஒரு தாள் விலையை ஏற்றவும் வல்லது, பொய்யை உரிக்கவும் வல்லது. 1886 ஆம் ஆண்டு மாதிரியின் முதலாம் இலக்கத் துவக்கு, ஜெரோனிமோவைத் தொடர்ந்து சென்ற கப்டன் லோட்டனுக்குப் பரிசாகக் கொடுக்கப்பட்டது. 2016 இல் அது ஏலத்தில் பன்னிரண்டு இலட்சம் டொலருக்கும் மேல் விலைபோயிற்று. வாங்கியவர் விலைகொடுத்தது ஒரு வரலாற்றுக்கு.

இவ்வளவும் அமெரிக்கச் சந்தை. நம் நாட்டில் நிலை வேறு. 1916 ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரமின்றித் துவக்கு வைத்திருத்தல் குற்றம். அப்பத்திரமும் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படவேண்டும். தந்தையின் அனுமதி மைந்தனுக்குத் தானாக வந்துசேராது. 1937 ஆம் ஆண்டின் வனவிலங்கு தாவரப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையையும் கட்டுப்படுத்தியது. எனவே கடலுக்கு அப்பால் ஆயிரம் டொலர் பெறும் பொருள், இங்கே பரணில் அகப்பட்டால் விலையற்றது மாத்திரமன்று, வினையும் ஆகும். போர் 2009 இல் ஓய்ந்த பின்பும் நம் மண்ணில் வெடிபொருள்கள் புதைந்து கிடக்கின்றன. கிணற்றடியிலோ வளவு மூலையிலோ பழைய துவக்கோ தோட்டாவோ காணப்பட்டால், தொடாது விலகிப் பொலிசாருக்கு அறிவிப்பதே அறிவுடைமை. பிள்ளைகளுக்கு இதனைப் பெற்றோர் திரும்பத்திரும்பச் சொல்லிவைத்தல் வேண்டும்.

எனினும், சந்தை கற்பித்த பாடம் நம் வீடுகளுக்கும் உரியது. ஏட்டுச் சுவடி, பழைய சுவர்க்கடிகாரம், மிஷன் அச்சகத்து நூல், 1841 இல் தொடங்கிய ‘உதயதாரகை’யின் பழுப்பேறிய இதழ் என்பன இன்னும் சில பெட்டகங்களிற் கிடக்கலாம். வாசலில் வந்து நிற்கும் பழம்பொருள் வியாபாரி கூறும் முதல் விலை, அவன் வாங்க விரும்பும் விலையேயன்றிப் பொருளின் விலையன்று. விற்குமுன் அறிந்தோர் இருவரையேனும் கேளுங்கள். துலக்குகிறோம் என்று கெடுத்துவிடாதீர்கள். முகப்பேட்டில் பாட்டனார் எழுதிய பெயரையும் ஆண்டையும் அழிக்காதீர்கள். அவையே அதன் சான்றுப் பத்திரம். இப்பொருள் யாருடையது, எப்போது வந்தது என்பதை அறிந்த முதியவர் இன்று வீட்டில் இருப்பாராயின், அதை ஒரு தாளில் எழுதிப் பொருளுடன் வைத்துவிடுங்கள். நியூஹேவன் துவக்குக்கு ஏடு காத்துவைக்க ஒரு நூதனசாலை இருக்கின்றது. நம் பெட்டகத்துப் பொருளுக்கு அந்த முதியவரின் நினைவன்றி வேறு ஏடு இல்லை.