இண்டர்நெட் நாற்காலியில் யார்?

உலக இண்டர்நெட்டை சர்க்கார், கம்பெனி, பொதுமக்கள் மூவரும் சமமாகக் கூடி நிர்வகிப்பதாகச் சொல்கிறார்கள். 2008 டிசம்பரில் ஐ.நா. ஆதரவில் ஐதராபாத்தில் நடந்த மகாநாட்டின் கோஷமே "எல்லோருக்கும் இண்டர்நெட்"! ஆனால் இணையப் பெயர்களைப் பங்கிடும் ஐகான் அமைப்பின் பணி 2016 வரை அமெரிக்க வர்த்தக இலாகாவின் ஒப்பந்தத்தில்தான் இருந்தது.

இங்கே நடந்தது என்ன? 2018 மே 22, 23 தேதிகளில் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்த மக்கள் மீது போலீஸ் சுட்டு 13 பேர் மாண்டனர். 23-ந் தேதியே தூத்துக்குடி, நெல்லை, குமரி ஜில்லாக்களில் இண்டர்நெட்டை நிறுத்தினார்கள். காயல்பட்டினத்து வீடுகளிலிருந்து கடல் கடந்த பிள்ளைகளுக்கு ஒரு வாட்ஸப் சேதி போகவில்லை. எந்த மகாநாட்டைக் கேட்டு நிறுத்தினார்கள்?

2023 ஜனவரி முதல் நூறு நாள் வேலைக்கு செல்போன் செயலியில்தான் ஆஜர் என்று மத்திய சர்க்கார் கட்டாயமாக்கியது. வெயிலில் மண் சுமந்தவளின் கூலி சிக்னலைப் பொறுத்ததாயிற்று! அவளுக்கு எந்த மேஜையில் நாற்காலி போட்டார்கள்?

எல்லாம் சர்க்கார் கைக்கே போகட்டும் என்றா சொல்கிறோம்? இல்லை, சுவிட்சை அணைத்த கை அதுதான். கம்பெனிக்கோ லாபம்தான் நியாயம். தொழிற்சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் அந்த மேஜையில் உட்கார வேண்டும். நெட் படுத்த நாளுக்குக் கூலி வெட்டக் கூடாது! ஆலை வாசலிலும் வயல் வரப்பிலும் இதைப் பேசுங்கள்!