மெடல் கேட்கும் கிழவரும் ரிக்கார்டு வைத்திருக்கும் சர்க்காரும்

அமெரிக்க ஐக்கிய நாட்டில் பட்டாளத்தில் வேலை பார்த்து விலகிய பழைய சிப்பாய்கள், விலகி நாற்பது ஐம்பது வருஷங்களுக்குப் பிறகு, "எனக்குச் சேரவேண்டிய மெடல்கள் என் ராணுவ ரிக்கார்டில் எழுதப்படாமல் விடப்பட்டிருக்கின்றன, அவைகளைச் சேர்த்து எழுதிக் கொடுக்கவேண்டும்" என்று சர்க்காருக்கு மனுப் போடுவது வெகுகாலமாய் நடந்துவரும் சங்கதியாகும். இதைக் கேள்விப்படுகிறவர்களில் சிலர், "சாகப்போகிற காலத்தில் கிழவருக்குப் பித்தளைத் துண்டின் மேல் என்ன ஆசை?" என்று சிரிக்கக்கூடும். நம் தோழர்களிலேயே சிலர், "யுத்தத்தையும் பட்டத்தையும் பரிகாசம் செய்கிற நாம் சிப்பாயின் மெடலுக்காகப் பரிந்து பேசுவானேன்?" என்று கேட்கவும் கூடும். கேட்கட்டும். கேள்வி கேட்பதுதான் நமக்கு வேண்டியது.

நாம் ராவ்பகதூர், திவான்பகதூர் பட்டங்களைக் கண்டு சிரித்தது வாஸ்தவந்தான். கலெக்டர் வீட்டு வாசலில் காத்து நின்று, சலாம் போட்டு, எலுமிச்சம்பழம் கொடுத்து வாங்கிய பட்டத்துக்கு அதுதான் மரியாதை. ஆனால் சிப்பாயின் மெடல் என்பது அம்மாதிரியானதல்ல. இன்ன வருஷம், இன்ன இடத்தில், இந்த மனிதன் நின்றான், இவனுக்குக் காயம் பட்டது, இவன் இன்ன காரியம் செய்தான் என்று அவனை வேலை வாங்கிய சர்க்கார் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் வாக்குமூலமே அது. அதை எழுதாமல் விட்டால், அம்மனிதனைப்பற்றிச் சர்க்கார் வைத்திருக்கும் கணக்கு பொய்க்கணக்கு என்றுதான் அர்த்தம். கூலிக்கு ஆள் வைத்துப் பத்து நாள் வேலை வாங்கிவிட்டு, கணக்குப் புஸ்தகத்தில் ஏழு நாள் என்று எழுதினால் அதை நாம் என்ன பெயரிட்டு அழைப்போம்? யுத்தம் கூடாது என்று சொல்லுகிறவனுக்கும் இந்தப் புரட்டைக் கேட்க உரிமை உண்டு.

அன்றியும் இது வெறும் பெருமையைப் பற்றிய விஷயமுமல்ல. அந்நாட்டில் 1950 முதல் பட்டாளத்தை விட்டு விலகுகிற ஒவ்வொருவருக்கும் டி.டி. 214 என்னும் ஒரு பாரம் கொடுக்கப்படுகின்றது. உத்தியோகத்துக்குப் போனாலும், வீட்டுக் கடனுக்குப் போனாலும், பழைய சிப்பாய்களுக்கான சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போனாலும், கடைசியில் செத்து சர்க்கார் இடுகாட்டுக்குப் போனாலும் அந்தக் காகிதத்தைத்தான் கேட்பார்கள். காயம் பட்டவர்களுக்குக் கொடுக்கும் பர்ப்பிள் ஹார்ட் என்னும் மெடல் காகிதத்தில் இருந்தால் ஆஸ்பத்திரியில் அவருக்கு முன்வரிசை கிடைக்கும். யுத்தத்தில் கண்ட பயங்கரங்களால் மனம் கெட்டுப் போனவர் உதவிப்பணம் கேட்டால், அந்தப் பயங்கரம் நடந்ததற்கு ருஜு என்ன என்று கேட்டு வந்தார்கள். போர்முனை மெடல் ஒன்று காகிதத்தில் இருந்தால் அதுவே ருஜுவாகும், இல்லாதவர் சாட்சி தேடிப் புறப்படவேண்டும். இந்த விதி 2010-இல்தான் ஓரளவு தளர்த்தப்பட்டது. அதற்கு முந்திய காலமெல்லாம், ஒரு குமாஸ்தா ஒரு வரியை விட்டுவிட்டதனால் எத்தனை பேர் தூக்கமற்றுச் செத்தார்கள் என்பதை யார் கணக்கெடுத்தார்கள்?

சரி, எழுதாமல் விடுவது எப்படி நேருகிறது என்று பார்ப்போம். 1945-இல் 80 லட்சத்துக்கு மேல் ஆள் இருந்த அமெரிக்கத் தரைப்படை, 1946 நடுவில் 20 லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது. இத்தனை லட்சம் பேரை ஒரு வருஷத்தில் வீட்டுக்கு அனுப்பும்போது, வீட்டுக்குப் போனால் போதும் என்று நிற்கிறவன் காகிதத்தைப் படித்துப் பார்த்தா கையெழுத்துப் போடுவான்? சில மெடல்கள், மனிதன் விலகிப் போனபின் உண்டாக்கப்பட்டவை. கொரியா தேசத்தில் காவல் இருந்தவர்களுக்கான மெடல் 2002-இல்தான் சட்டமாயிற்று. ஆனால் 1954 ஜூலை முதல் இருந்தவர்களுக்கெல்லாம் அது உண்டு. 1956-இல் விலகியவரின் காகிதத்தில் அது எப்படி இருக்கமுடியும்? இன்னொன்று இதைவிட வேடிக்கை. இரண்டாம் உலக யுத்தத்தில் முன்னணியில் நின்று சண்டையிட்டதற்கான காலாட்படை பாட்ஜ் பெற்ற ஒவ்வொருவருக்கும் பிரான்ஸ் ஸ்டார் என்னும் மெடலும் உண்டு என்று 1947-இல் சர்க்கார் தீர்மானித்தது. நல்லதுதான். ஆனால் விண்ணப்பம் போட்டால்தான் கிடைக்கும்! பத்திரிகை பார்க்காத குடியானவனும், சுரங்கத்தில் வேலை செய்கிறவனும் தனக்கு அப்படியொன்று உண்டு என்பதே தெரியாமல் இருந்துவிட்டார்கள்.

இவ்வளவுக்கும் மேலாக ஒரு தீ வந்தது. மிசௌரி மாகாணத்தில் செயின்ட் லூயிஸ் நகரத்தை அடுத்த கட்டடம் ஒன்றில் ராணுவத்தாரின் பழைய ரிக்கார்டுகளெல்லாம் அடுக்கப்பட்டிருந்தன. 1973 ஜூலை 12-ந் தேதி அதன் ஆறாவது மாடி தீப்பிடித்துக்கொண்டது. 1912 முதல் 1959 வரை தரைப்படையிலிருந்து விலகியவர்களின் கட்டுகளில் நூற்றுக்கு எண்பது சாம்பலாயின. ஆகாயப்படையில் 1947 முதல் 1963 வரை விலகியவர்களில், ஆங்கில அகராதி வரிசைப்படி ஹப்பார்டு என்னும் பெயருக்குப் பிற்பட்ட பெயருடையவர்களின் கட்டுகளில் நூற்றுக்கு எழுபத்தைந்து போயின. மொத்தம் 1 கோடியே 60 லட்சத்திலிருந்து 1 கோடியே 80 லட்சம் வரை. நகல் கிடையாது, போட்டோப்பிரதி கிடையாது, இன்னின்ன கட்டு இருந்தது என்னும் பட்டியலும் கிடையாது. நீர் தெளித்துத் தீயணைக்கும் குழாய்கூட அந்த ரிக்கார்டு அறைகளில் இல்லை. ஆண்டர்சன் என்று பெயர் வைத்த ஆகாயப்படைக்காரர் பிழைத்தார், வில்லியம்ஸ் என்று பெயர் வைத்தவர் மாட்டிக்கொண்டார். நம்மூர்ச் சோசியன் கேள்விப்பட்டால் பெயர் ராசி என்று ஒரு புஸ்தகமே போட்டு விற்றுவிடுவான்!

அந்நிலையத்துச் சிப்பந்திகளை நாம் குறை சொல்லவில்லை. நனைந்தும் கருகியும் கிடந்த கட்டுகளில் சுமார் 65 லட்சத்தை அவர்கள் உலர்த்தி மீட்டார்கள். போனவற்றுக்குப் பதிலாகச் சம்பளப் பட்டுவாடாச் சீட்டு, ஆஸ்பத்திரியில் சேர்த்த குறிப்பு, கம்பெனிகளின் அன்றாட ஆஜர்ப் பத்திரம் முதலியவைகளிலிருந்து ஒரு மனிதனுடைய ஊழியத்தைத் துண்டு துண்டாகச் சேர்த்தெடுக்கிறார்கள். இது மெச்சத்தக்க வேலை.

நாம் கண்டிப்பது வேறொன்றை. ரிக்கார்டைத் திருத்துவதற்கென்று இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபின் சட்டத்தின் மூலம் போர்டுகள் ஏற்படுத்தப்பட்டிருக்கின்றன. தவறு தெரிந்து மூன்று வருஷத்துக்குள் மனுப் போடவேண்டும். நியாயத்தை முன்னிட்டு அந்தக் கெடுவைத் தள்ளிக்கொடுக்கப் போர்டாருக்கு அதிகாரம் உண்டு. இது போகட்டும். விசாரணை எந்த அஸ்திவாரத்தின் மேல் துவங்குகிறது தெரியுமா? "சர்க்கார் காரியங்கள் முறைப்படிதான் நடந்திருக்கும்" என்னும் அனுமானத்தின் மேல்! அதாவது ரிக்கார்டு சரி. தவறு என்று சொல்லுகிறவர்தான் ருஜுப்பிக்கவேண்டும். தோழர்களே! வேதம் தவறாது, சாஸ்திரம் தவறாது என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அதை ரிஷி எழுதினார் என்கிறார்கள். இதையோ ஒரு டைப் அடிக்கும் குமாஸ்தா எழுதினான் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் அதற்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவேண்டும். காகிதத்தை எழுதியது சர்க்கார், வைத்திருந்தது சர்க்கார், எரியவிட்டது சர்க்கார். சாட்சி கொண்டுவரவேண்டியவர் மட்டும் தொண்ணூறு வயதுக் கிழவர். அவருடைய சாட்சிகளோ பிரான்சிலும் இத்தாலியிலும் மண்ணுக்குள் இருக்கிறார்கள்.

"அப்படியானால் பொய்யர்களெல்லாம் மெடல் கேட்பார்களே" என்று சொல்லப்படுகின்றது. கேட்கத்தான் செய்வார்கள். பெறாத மெடலைப் பெற்றதாகச் சொல்லித் திரிகிறவர்களுக்காக அந்நாட்டில் 2006-இல் ஒரு சட்டம் செய்தார்கள். வெறும் பொய் சொல்வதைக் குற்றமாக்குவது பேச்சுரிமைக்கு விரோதம் என்று 2012-இல் சுப்ரீம் கோர்ட்டு அதைத் தள்ளிவிட்டது. பொய் சொல்லி ஆதாயம் அடைந்தால் குற்றம் என்று 2013-இல் வேறு சட்டம் வந்தது. ஆகவே பொய்யனைப் பிடிக்கச் சட்டம் இருக்கிறது. மெய்யனைத் தேடிப்போய்ச் சேர்க்கவேண்டியதைச் சேர்ப்பதற்கு என்ன சட்டம் இருக்கிறது என்பதே நம் கேள்வி.

இனி, விடுபட்டது தவறுதலால் அல்ல, நிறத்தால் என்னும் சங்கதிக்கு வருவோம். இரண்டாம் உலக யுத்தத்தில் 10 லட்சத்துக்கு மேற்பட்ட கறுப்பர்கள் அமெரிக்கப் படைகளில் இருந்தார்கள். அந்த யுத்தத்துக்காக நானூறுக்கு மேற்பட்ட மெடல் ஆப் ஆனர்கள் வழங்கப்பட்டன. இதுவே அவர்களுடைய மெடல்களில் தலையானது. கறுப்பர்களுக்கு அந்நாளில் கிடைத்தவை எத்தனை? ஒன்றுகூட இல்லை. பத்து லட்சம் பேரில் வீரன் ஒருவன்கூட இல்லை என்று ரிக்கார்டு சொல்லிற்று. ரிக்கார்டுதான் தவறாதே! 1993-இல் ராணுவமே ஒரு சர்வகலாசாலையாரைக் கொண்டு இதை ஆராயச் சொன்னது. கறுப்பர்களுக்கு இந்த மெடலைச் சிபார்சு செய்த காகிதம் எதுவும் சர்க்கார் கட்டுகளில் அகப்படவில்லை; அக்காலத்து நிறத் துவேஷமே காரணம் என்று அவர்கள் சொன்னார்கள். கெடு 1952-இலேயே முடிந்துவிட்டபடியால் புதுச் சட்டம் செய்து, 1997 ஜனவரியில் ஏழு பேருக்குக் கொடுத்தார்கள். ஏழு பேரில் உயிரோடிருந்தவர் வெர்னான் பேக்கர் ஒருவர்தான். 1945 ஏப்ரலில் இத்தாலியில் அவருடன் போன 25 பேரில் 19 பேர் மாண்டார்கள். துணைப்படை கொண்டுவருகிறேன் என்று போன வெள்ளைக்கார காப்டன் திரும்பி வரவேயில்லை. பேக்கருக்கு மெடல் வந்தபோது வயது 77. மற்ற ஆறு பேருக்காகக் குடும்பத்தாரும் பிறரும் வந்து வாங்கிப் போனார்கள்.

வேவர்லி உட்சன் என்பவரின் கதையில் நிறமும் நெருப்பும் சேர்ந்துகொண்டன. கறுப்பர்களால் ஆன 320-வது பலூன் படையில் அவர் ஒரு வைத்தியச் சிப்பாய். 1944 ஜூன் 6-ந் தேதி நார்மண்டியில் ஒமாஹா கடற்கரையில் இறங்கும்போதே குண்டுச்சில் பாய்ந்து காயம்பட்டவர், சுமார் 30 மணி நேரம் ஓயாமல் ஏறக்குறைய 200 பேருக்குச் சிகிச்சை செய்தார். காயம்பட்டுக் கிடந்த வெள்ளைக்காரன் அன்றைக்குக் கட்டுப்போட்ட கையின் நிறத்தைப் பார்த்தானா? மெடல் கொடுக்கும்போதுதான் நிறம் தெரிந்தது. அவருக்குக் கிடைத்தது பிரான்ஸ் ஸ்டார். பிற்காலத்தில் பெரிய மெடலுக்காக மனுக் கிளம்பியபோது, அவருடைய கட்டு 1973 தீயில் போய்விட்டது, ஆதாரம் போதாது என்றார்கள். ஆனால் மேலான மெடலுக்கு அவரைப்பற்றிப் பேச்சு நடந்ததைக் காட்டும் 1944-ஆம் வருஷத்துக் குறிப்பொன்று ஜனாதிபதி டிரூமன் பெயரால் உள்ள நூல்நிலையத்தில் பத்திரமாய்க் கிடந்தது. அதை வெளியே கொண்டுவந்தது ராணுவம் அல்ல. ஒரு பத்திரிகைக்கார அம்மாள். உட்சன் 2005-இல் காலமானார். 2024 ஜூனில் அவருக்கு இரண்டாவது படி மெடலாகிய டிஸ்டிங்குயிஷ்ட் சர்வீஸ் கிராஸ் அறிவிக்கப்பட்டது.

இவருக்காகப் பேசச் சட்டசபை மெம்பர்கள் இருந்தார்கள்; புஸ்தகம் எழுத ஆள் இருந்தது. 1996-இல் வந்த ஒரு சட்டப்படி, கெடு தாண்டிய மெடல் மனுக்களைக் காங்கிரஸ் மெம்பர் ஒருவர் மூலம் அனுப்பினால் ராணுவம் பரிசீலித்தே ஆகவேண்டும். மெம்பர் வீட்டுக் கதவைத் தட்டத் தெரியாதவர் என்ன செய்வார்?

ஆகையால் நாம் சொல்வதாவது: கட்டு எரிந்துபோனவர் விஷயத்திலாவது "சர்க்கார் காரியம் சரியாகத்தான் இருக்கும்" என்னும் அனுமானத்தைக் குப்பையில் போடவேண்டும், மனுதாரர் சொல்லுவதைப் பொய்யென்று காட்டும் பொறுப்பைச் சர்க்கார் ஏற்கவேண்டும். இனாமாய்க் கிடைக்கும் சங்கதிகளை மனுவுக்காகக் காத்திராமல் தாமாகவே செய்யவேண்டும். காலாட்படை பாட்ஜ் பெற்றவர்களின் உத்தரவுகள் ராணுவத்தின் சொந்தக் காகிதங்களே. தீயில் போகாமல் எஞ்சியிருப்பவைகளைப் பிரித்து, பெயர்களை எடுத்து, யார் யாருக்கு 1947-ஆம் வருஷத்து பிரான்ஸ் ஸ்டார் போய்ச்சேரவில்லை என்று பார்த்துத் தபாலில் அனுப்ப எந்தப் போர்டும் கூடவேண்டியதில்லை. அந்த யுத்தத்தில் நின்றவர்களில் இன்று எஞ்சியிருப்போர் வெகு சிலரே. அவர்களில் இளையவருக்கும் வயது தொண்ணூற்றைந்துக்கு மேலாகிவிட்டது.