சிவப்பு ஆளியும் சின்னப் புகையிரதமும்

புகையிரதத்தின் ஓசை கேட்டதும் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து பார்ப்பது சிறுவர்க்கு இயல்பு. வயது ஏற ஏறப் பலருக்கு அந்த ஆசை கழன்றுவிடுகிறது. சிலருக்கோ தலை நரைத்த பின்னும் விடுவதில்லை. றொக் இசைக்காரர் என்றால் இரைச்சலும் இராக்கேளிக்கையுமே என்று முகஞ்சுளிக்கும் பெரியோர் நம்மிடையே உளர். அந்த இசைக்காரருள் இருவர் பொம்மைப் புகையிரதப் பித்தர் என்று அறிந்தால் அவர்கள் சற்றே வியப்படையக்கூடும்.

ஒருவர் றொட் ஸ்ரூவேர்ட். 1940-களின் அமெரிக்க நகரமொன்றை, அதன் தொழிற்சாலைகளோடும் பாலங்களோடும் தண்டவாளங்களோடும், தம் வீட்டு மேன்மாடியில் 23 ஆண்டுகளாகச் சிறிது சிறிதாகக் கட்டி, 2019-இல் உலகுக்குக் காட்டினார். கச்சேரிக்காக ஊர் ஊராகச் செல்லும்போதும், சின்னஞ்சிறு கட்டிடங்களுக்கு வர்ணம் தீட்டவென்றே ஹோட்டலில் தனியறை எடுப்பாராம். கேட்க இனிய கதைதான். ஆயினும் அது ஒரு பொழுதுபோக்கின் கதை. நாம் இன்று சொல்ல வந்தது மற்றவரான நீல் யங்கின் கதை.

நீல் யங் 1945-இல் கனடாவின் ரொறன்ரோ நகரிற் பிறந்தவர். 1951-இல், ஆறு வயது நிரம்புமுன், இளம்பிள்ளைவாதம் அவரைத் தாக்கியது. உயிர் தப்பினார். அக்காலத்து வட அமெரிக்கச் சிறுவர் பலரையும் போல அவரிடமும் ஒரு லயனல் புகையிரதம் இருந்தது. ஜோசுவா லயனல் கவன் என்பவர் 1900-இல் நியூயோர்க்கில் தொடங்கிய கம்பனி அது. அதன் தண்டவாளத்தை ஒரு பார்வையிலேயே அடையாளங் கண்டுகொள்ளலாம். இரண்டு கம்பிகளுக்கு நடுவே மின்சாரம் கொண்டுவரும் மூன்றாவது கம்பி ஒன்று ஓடும். சிறுவன் வளர்ந்தான், கிற்றாரைக் கையிலெடுத்தான், பெரும் புகழ் பெற்றான். புகையிரதம் மட்டும் மனத்தைவிட்டு இறங்கவில்லை. 1981-இல் வெளியான இசைத்தட்டொன்றில், வயதாகிவிட்டதென்று ஓய்வு கொடுக்கப்பட்ட ஒரு புகையிரதத் தொழிலாளியைப் பற்றிய பாட்டும் உண்டு.

1978-இல் அவருக்கு பென் என்ற மகன் பிறந்தான். பிள்ளைக்கு மூளை முடக்குவாதம். பேச்சு இல்லை, கைகால்கள் சொற்கேட்பதில்லை, சக்கர நாற்காலியே வாழ்க்கை. தாயும் தகப்பனும் நாளின் பெரும் பகுதியை விழுங்கும் கடும் பயிற்சி முறையொன்றில் அவனோடு உழன்றார்கள். தகப்பன் பாட்டுப் பதிவுகளைக் குறைத்துக்கொண்டார்.

கலிபோர்னியாவில் அவர்களுக்கு ஒரு பண்ணை இருந்தது. அங்கேயுள்ள களஞ்சியமொன்றில் தகப்பனும் பிள்ளையுமாகப் புகையிரதப் பாதை அமைக்கத் தொடங்கினர். மலையும் காடும் அட்டையிலும் சாந்திலும் ஆனவையல்ல. பழைய செம்மரக் கட்டைகளும் பாசியுமே அங்கு மலைகளாயின. எல்லாம் சரி. வண்டியை ஓட்டுவது யார்?

இங்கேதான் இடர் வந்தது. பழைய முறையில், தண்டவாளத்துக்கு எவ்வளவு மின்னழுத்தம் கொடுக்கிறோமோ அவ்வளவே வண்டியின் வேகம். மின்மாற்றியின் கைப்பிடியை மெல்லத் திருப்பினால் மெல்ல ஓடும். சற்றே மிஞ்சினால் வளைவிலே பாய்ந்து கவிழும். அதற்கு விரல்களில் நுட்பமான பிடி வேண்டும். பென்னுக்கு இல்லாதது அதுவே. ஆகவே தகப்பன் ஓட்ட, மகன் பார்த்திருக்க வேண்டியதுதான் என்று நம்மிற் பலர் மனந்தேறியிருப்போம்.

யங் தேறவில்லை. நுண்ணிய பிடி வேண்டாத, பெரிய சிவப்பு ஆளி ஒன்றைக் கொண்ட கருவியை உண்டாக்கினார். இப்பொழுது அழுத்துபவன் பிள்ளை, ஓடுவது வண்டி. உண்பதற்கும் உடுப்பதற்கும் திரும்பிப் படுப்பதற்கும் பிறர் கையை நம்பியிருக்கும் ஒரு குழந்தைக்கு, தன் விருப்பினால் உலகில் ஒரு பொருள் அசைகிறதென்பது சிறிய காரியமா? பிள்ளை பெற்றவர்களைக் கேளுங்கள்.

அதே காலத்தில் அவரது இசையும் விபரீதமாயிற்று. 1982-ஆம் ஆண்டைச் சேர்ந்த 'ட்ரான்ஸ்' என்ற இசைத்தட்டில், வொக்கோடர் என்னும் கருவியால் தம் குரலை இயந்திர ஓசையாக மாற்றிப் பாடினார். சொற்கள் சரிவர விளங்கவில்லை. ரசிகர்கள் திகைத்தனர். 1983-இல், இவர் தம் இயல்புக்கு ஒவ்வாத பாட்டுகளைத் தருகிறார் என்று ஒலிப்பதிவுக் கம்பனியே வழக்குத் தொடுத்தது! பின்னர் இணக்கம் ஏற்பட்டது. பேச முயன்றும் பேச முடியாத ஒரு பிள்ளையோடு உறவாடும் முயற்சியே அப்பாட்டுகள் என்று அவர் பிற்காலத்தில் விளக்கினார். அவற்றுள் ஒன்றின் பெயர் 'மின்மாற்றி மனிதன்' எனப் பொருள்படும். பொம்மைப் புகையிரதத்துக்கு உயிர் கொடுப்பதும் மின்மாற்றிதானே.

களஞ்சியத்தில் தொடங்கியது அங்கேயே நிற்கவில்லை. 1990-களில் லயனல் கம்பனியோடு சேர்ந்து புதிய கட்டுப்பாட்டு முறையொன்றை உருவாக்க உழைத்தார். தண்டவாளத்தில் மின்சாரம் எப்பொழுதும் ஒரே அளவில் இருக்கும்; கட்டளை மட்டும் வானொலி அலை போன்ற சைகையாகத் தனியே செல்லும். ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஓர் எண் உண்டு. தன் எண்ணுக்கு வந்த கட்டளைக்கே அது பணியும். இதனால் ஒரே பாதையில் பல வண்டிகளை வெவ்வேறு வேகத்தில் ஓட்டலாயிற்று. எஞ்சினின் ஓசையையும் மெய்யான புகையிரதத்தின் ஓசைபோல் ஆக்குவதில் அவருக்குப் பெரும் பிடிவாதம், காது இசைக்காரருடையதல்லவா! பொம்மைப் புகையிரதம் பற்றிய அமெரிக்கப் புத்தாக்க உரிமைப் பத்திரங்களிலும் அவர் பெயர் காணப்படுகிறது. 1995-இல் முதலீட்டாளர் குழுவொன்றோடு சேர்ந்து அக்கம்பனியையே வாங்கினார். அது 2004-இல் கடன் நொடிப்புப் பாதுகாப்பை நாடியதும் 2008-இல் மீண்டதும் வேறு கதை. இங்கே விரிக்க வேண்டியதில்லை.

பென்னைப் போலப் பேச்சற்ற பிள்ளைகள் கருவிகளின் துணையோடு கருத்துரைக்கக் கற்பதற்கென, தாயான பெகி யங் வேறிருவரோடு சேர்ந்து பிரிட்ஜ் பாடசாலையை நிறுவினார். அதற்குப் பணம் திரட்ட 1986-இல் தொடங்கிய கச்சேரிகள் ஏறக்குறைய ஆண்டுதோறும் 2016 வரை நடந்தன. புகழ்பெற்ற பாடகர்கள் பலர் வந்து பாடினார்கள். அப்பாடசாலைப் பிள்ளைகளுக்கு இடம் சபையில் அன்று, மேடையிலே. பாடுவோர்க்குப் பின்னால், சக்கர நாற்காலிகளில் வரிசையாக அமர்ந்திருப்பார்கள்.

2017-இல் யங் தம் புகையிரதங்களுட் பலவற்றை ஏலத்தில் விற்றார். விலை கொடுத்து வாங்கிச் சென்றவர்கள் அவற்றைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்களோ, ஓட்டிப் பார்த்தார்களோ, அறியோம். ஓட்டியிருந்தால் நன்று.