மூன்றாம் வகுப்பும் மழைக்காலத் தேர்வுகளும்

தொடக்கப்பள்ளிக் குழந்தைகள் என்ன கற்றிருக்கின்றனர் என்பதை நாடு முழுவதும் ஒரே அளவுகோலால் அளக்கும் அடைவுத் தேர்வுகள் கடந்த சில ஆண்டுகளில் மூன்று முறை நடந்துள்ளன. 2017 நவம்பர் 13, 2021 நவம்பர் 12, 2024 டிசம்பர் 4 என்பன அந்நாள்கள். தில்லியிலிருந்து நோக்குவோர்க்கு இவை இதமான குளிர்காலத் தொடக்கமாகத் தோன்றலாம். நீடாமங்கலத்திலிருந்து நோக்கும் நமக்கோ இவை ஐப்பசிக் கடைசியும் கார்த்திகையும் ஆகும். மூணாறு தலைப்பில் வெண்ணாறும் கோரையாறும் பாமணியாறும் கரை தொட்டு ஓடும் காலம் அது. சம்பா வயலில் தேங்கிய நீரை வடிக்கப் பெற்றோர் வரப்பில் நிற்கும்போது, பள்ளி உண்டா இல்லையா என்று குழந்தைகள் வானத்தைப் பார்த்து நிற்பர். அளப்பது தவறன்று, எந்த நாளில், எதைக் கொண்டு, யாரை அளக்கிறோம் என்பதையும் உடன் எண்ண வேண்டும் என்பதே நம் கருத்து.

2021ஆம் ஆண்டுத் தேர்வையே எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டு மூன்றாம் வகுப்பில் இருந்த குழந்தை, முதல் வகுப்பை முடிக்கும் முன்னரே 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் பள்ளி மூடப்பட்டது. இரண்டாம் வகுப்பு என்பது அக்குழந்தைக்குப் பெயரளவில் மட்டுமே இருந்தது. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் முதல் நாள் திறந்தன. இடையே தீபாவளியும் அடைமழையும் வந்தன. பதினொரு நாள்களில் தேர்வும் வந்தது. மூன்றாம் வகுப்பு மொழிப்பாடத்தில் தமிழகத்தின் சராசரி நாட்டின் சராசரிக்குக் கீழே நின்றதைக் கண்டு பலர் திகைத்தனர். நாம் திகைக்கவில்லை. பத்தொன்பது திங்கள் நீரின்றிக் கிடந்த நாற்றங்காலில் பதினொரு நாளில் பயிர் எதிர்பார்ப்பவர் உழவராயிரார்.

இத்தேர்வின் இன்னொரு குறையையும் சொல்ல வேண்டும். 2021இல் 720 மாவட்டங்களில் 34 லட்சம் மாணவர் இதனை எழுதினர் என்பது பெரிய கணக்குத்தான். ஆனால் இது மாதிரி எடுத்து நடத்தப்படும் ஆய்வு. மாவட்டத்தின் நிலை தெரியும். நீடாமங்கலம் ஒன்றியத்தில் நம் தெருவிலுள்ள பள்ளியின் நிலை தெரியாது. மேலும் தரப்பட்ட நான்கு விடைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முறையில், வினாவைப் படிக்கவே தெரியாத குழந்தையும் கண்ணை மூடிக்கொண்டு குறித்தால் நான்கில் ஒன்று சரியாக அமையக்கூடும். குருட்டு நல்வாய்ப்பையும் கல்வியையும் அத்தாள் வேறு பிரித்துக் காட்டுவதில்லை.

இதற்கு மாறான ஒரு முறையும் உண்டு. பிரதம் என்னும் அமைப்பு 2005 முதல் நடத்திவரும் 'அசர்' ஆய்வு குழந்தைகளைப் பள்ளியில் வைத்து அளப்பதில்லை. சிற்றூர்களில் வீட்டுக்கே செல்கிறது. (தொழுகை வேளையாகிய அஸர் வேறு, இது வேறு. 'விளைவு' என்னும் பொருளில் உருதுவிலும் இந்தியிலும் வழங்கும் இச்சொல்லும் அறபு மூலம் உடையதே.) குழந்தையை அருகில் அமர்த்தி எழுத்து, சொல், எளிய பத்தி, சிறுகதை என ஒவ்வொன்றாய் வாய்விட்டுப் படிக்கச் சொல்கின்றனர். இங்கு ஊகித்துத் தப்ப இயலாது. அவ்வாய்வின்படி, இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்கத் தெரிந்த மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் 2018இல் தமிழகத்தில் நூற்றுக்குப் பத்துப் பேர். 2022இல் ஐந்து பேர். நாடு முழுவதற்குமான கணக்கு அப்போது இருபதாக இருந்தது. 2024இல் தமிழகத்தின் எண் 2018ஆம் ஆண்டின் அளவையும் கடந்து உயர்ந்தது. 2022 ஜூனில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்துக்கும் 2021இல் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'த் தன்னார்வலர்க்கும் அவ்வுயர்வில் பங்குண்டு என்றே கருதுகிறோம். எனினும் ஐந்தாயினும் பத்தாயினும் பெருமைக்குரிய எண் அன்று. அரசுப் பள்ளிகளை இழிவுபடுத்தவே இக்கணக்குகள் என்று ஒதுக்குவாரும் உளர். வீடு தேடி வரும் ஆய்வு தனியார் பள்ளிப் பிள்ளையையும் சேர்த்தே எண்ணுகிறது. கட்டணம் கட்டியவர்களும் இக்கணக்கிலிருந்து விலகி நிற்க முடியாது.

ஒவ்வொரு குழந்தையாக அழைத்துப் படிக்கச் சொல்வது நம் சமுதாயத்துக்குப் புதியதன்று. பொதக்குடியிலும் கூத்தாநல்லூரிலும் இன்றும் ஓதப்போகும் பிள்ளை, முதல் நாள் சபக்கை உஸ்தாத் முன் அமர்ந்து தனியே ஓதிக் காட்டிய பின்னரே அடுத்த சபக்குக்குச் செல்கிறது. பிழை இருந்தால் அதே பாடம் மறுநாளும் தொடரும். அதற்காக அப்பிள்ளையைத் 'தோற்றவன்' என்று எவரும் ஏட்டில் எழுதி வைப்பதில்லை. அளவீடு என்பது இத்தகையதாக இருக்குமாயின் அதை எதிர்க்க நமக்கு எக்காரணமும் இல்லை.

தமிழ்த்துறையினராகிய நாம் இங்கே ஒன்றைக் கூடுதலாகக் கவனிக்கக் கடமைப்பட்டுள்ளோம். நம் குழந்தை பேசும் தமிழும் பாடநூலின் தமிழும் தொலைவில் நிற்கின்றன. வயலோரத்துக் குழந்தை 'நாத்து' என்கிறது. நூல் 'நாற்று' என்கிறது. நம் வீட்டுக் குழந்தை 'உம்மா', 'வாப்பா' என்று அழைக்கிறது. நூலில் வேறு சொற்கள் இருக்கின்றன. 'மழை வந்துச்சு' என்று நாளெல்லாம் சொல்லும் பிள்ளை 'வந்தது' என்பதை எழுத்துக்கூட்டும்போது, எழுத்தோடு சேர்த்து ஒரு புது வடிவத்தையும் கற்கிறது. இந்த இரட்டைச் சுமையைத் தேர்வுத்தாள் அறியாது, ஆசிரியர் அறிவார். தொல்காப்பியத்தில் ஆய்வுப்பட்டம் பெறும் நம் மாணவருள் எத்தனை பேர் ஆறு வயதுப் பிள்ளைக்குத் தமிழ் படிக்கக் கற்றுத் தருவதைப் பற்றி ஒரு கட்டுரையேனும் எழுதியிருக்கின்றனர்? அத்துறையில் ஆய்வேடுகள் பெருக வேண்டும்.

2019 செப்டம்பரில் ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு என்று தமிழக அரசு அறிவித்தபோது எழுந்த எதிர்ப்பை வாசகர் மறந்திரார். 2020 பிப்ரவரியில் அவ்வறிவிப்புத் திரும்பப் பெறப்பட்டது. 2025இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையும் எட்டாம் வகுப்பு வரை தேக்கமில்லை என்பதையே உறுதிப்படுத்தியது. இது சரியான முடிவே. பத்து வயதுப் பிள்ளையைத் தேர்வால் வடிகட்டினால் முதலில் நின்றுபோவது கூலி வேலைக்குச் செல்வோரின் வீட்டுப் பிள்ளைகளே.

வரலாறும் இதற்குச் சான்று தருகிறது. சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதையும், மூத்த மாணவன் இளையவனுக்குக் கற்பிப்பதையும் கண்டு, 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். அது 'சென்னை முறை' எனப் பெயர் பெற்று இங்கிலாந்தில் பரவியது. அதற்குக் கைம்மாறாக அந்நாடு நமக்கு அனுப்பியது என்ன? 1862இல் அங்கே வகுத்த, குழந்தைகளின் தேர்ச்சியை எண்ணிப் பள்ளிக்கு மானியம் தரும் முறையை! சென்னை மாகாணத்துப் பள்ளிகளும் அம்முறைக்குள் வந்தன. ஆய்வாளர் வரும் நாளுக்காகப் பாடத்தை மனப்பாடம் செய்விப்பதே கற்பித்தலாயிற்று. இங்கிலாந்தே அதை அந்நூற்றாண்டு முடியுமுன் கைவிட்டது. கொடுத்தது மணல், பெற்றது மதிப்பெண்!

இன்னும் ஒன்று. ஊரின் மதிப்பெண் ஊரின் வரலாற்றையும் சுமக்கிறது. 1937 டிசம்பரில் இதே நீடாமங்கலத்தில், அரசியல் மாநாட்டு விருந்தில் மற்றவரோடு அமர்ந்து உண்டதற்காகத் தாழ்த்தப்பட்ட உழைப்பாளிகள் அடிக்கப்பட்டு, மொட்டையடிக்கப்பட்டு, சாணிப்பால் புகட்டப்பட்டனர். அத்தகைய கொடுமைகளைத் தாங்கிய குடும்பங்களிலிருந்து பிள்ளைகள் எழுத்தறிய வந்து சில தலைமுறைகளே ஆகின்றன. 2023 ஆகஸ்டில் திருக்குவளையில் தொடங்கி எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும், 2024 ஜூலையில் ஊரக அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் விரிந்த காலை உணவுத் திட்டத்தில், எல்லார் வீட்டுப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்கின்றனர். எந்த அடைவு ஆய்விலும் இதற்கு மதிப்பெண் இல்லை. நம் கணக்கில் உண்டு.

ஜமாஅத்துப் பெரியோர்களிடம் ஒரு விண்ணப்பம். கல்லூரி கட்ட வாரி வழங்கிய கைகள் தொடக்கப்பள்ளியை அரசின் பொறுப்பென்று விட்டுவிட்டன. பள்ளி மேலாண்மைக் குழு என்பது 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பெற்றோர்க்குத் தந்த இடம். அதன் கூட்டத்தில் சுற்றுச்சுவரும் கழிப்பறையும் பேசப்படுவது போல, மூன்றாம் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் ஒரு பத்தியைத் தங்குதடையின்றிப் படிக்கின்றனர் என்பதும் பேசப்பட வேண்டும். தலைமையாசிரியரைக் குற்றக்கூண்டில் ஏற்றுவதற்கன்று. எந்தப் பிள்ளைக்கு மாலையில் ஒருவர் துணையிருக்க வேண்டும் என்று அறிவதற்கே. அத்துணைக்கு நம் தமிழ்த்துறை மாணவர் முன்வர வேண்டும். பொங்கல் விடுமுறை முடிந்து மழையும் ஓய்ந்த தை மாதத்தில் தொடங்கலாம். இரண்டாம் வகுப்புப் பாடநூல் ஒன்றும், ஒரு பிள்ளைக்குப் பத்து நிமிடமும் போதும். பெயர்ப்பட்டியல் வகுப்பாசிரியரிடம் மட்டும் இருக்கட்டும். சுவரில் ஒட்ட வேண்டா.