ராஜிநாமாக் கடிதமும் வேலையில்லாக் கால உதவியும்

நெசவாளர் சங்கங்களிலும் விவசாயக் கடன் சங்கங்களிலும் உள்ள நமது அங்கத்தினர்களில் பலருக்குத் தறியும் நிலமும் மட்டுமே ஜீவனோபாயம் அல்ல என்பது யாவரும் அறிந்ததே. மகன் நூற்பாலையிலும் மகள் பின்னலாடைச் சாலையிலும் வேலை செய்து மாதச் சம்பளம் கொண்டுவருவதால்தான் பல வீடுகளில் சங்கத் தவணை தவறாமல் கட்டப்படுகிறது. தவணை தவறிய கடன்களைப் பற்றி ஆய்வின்போது நாம் விசாரித்தால், மழை பொய்த்தது, நூல் விலை ஏறியது என்னும் விடைகளோடு, "பையனுக்கு வேலை போய்விட்டது" என்னும் விடையும் கிடைக்கிறது. எப்படிப் போயிற்று என்று கேட்டால், "அவனே எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டான்" என்பார்கள். இன்னும் சற்றுத் துருவினால், எழுதியவன் அவன் அல்லன், எழுதி வைத்திருந்த தாளில் கையொப்பமிட்டவன் மட்டுமே அவன் என்பது வெளிப்படும். அந்தக் கையொப்பத்தால் ஒரு குடும்பம் எவ்வளவு இழக்கிறது என்பதை அங்கத்தினர்கள் அறிந்திருப்பது அவசியம் என்று கருதியே இதை எழுதுகிறோம்.

முதலாளி ஏன் ராஜிநாமாவை விரும்புகிறார்? தயவு தாட்சணியத்தால் அன்று. ஓராண்டு தொடர்ந்து வேலை செய்த தொழிலாளியை ஆட்குறைப்புச் செய்வதானால், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கான சம்பளமோ கொடுத்து, பணி செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளமும் கொடுக்க வேண்டும் என்று 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம் விதித்திருந்தது. 2025 நவம்பர் 21 அன்று அதனிடத்தில் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பும் அதையே விதிக்கிறது. ஆட்குறைப்புக்கு ஆளானவருக்காக மறுபயிற்சி நிதியில் மேலும் 15 நாள் சம்பளம் செலுத்த வேண்டும் என்றும் சேர்த்திருக்கிறது. மாதம் 12,000 ரூபாய் வாங்கி 8 ஆண்டு உழைத்த ஒருவருக்கு இழப்பீடு 48,000 ரூபாய், முன்னறிவிப்புச் சம்பளம் 12,000 ரூபாய், மறுபயிற்சித் தொகை 6,000 ரூபாய், ஆக 66,000 ரூபாய். தாமாக விலகியவருக்கோ இவற்றுள் ஒன்றும் இல்லை. ஒரு தாளும் ஒரு பேனாவும் 66,000 ரூபாயை மிச்சப்படுத்துமானால், அவற்றை மேசைமேல் தயாராக வைத்திருப்பவர்கள் இருப்பதில் வியப்பு என்ன?

இழப்பு அத்துடன் நிற்பதில்லை. மக்கள் இ.எஸ்.ஐ. என்று அழைக்கும் தொழிலாளர் அரசு இன்சூரன்ஸ் கழகத்தை ஆஸ்பத்திரியாக மட்டுமே நம்மவர் அறிந்திருக்கின்றனர். வேலையிழந்தவருக்குப் பண உதவியும் அங்கு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. ஆலை மூடல், ஆட்குறைப்பு ஆகியவற்றால் வேலையிழந்தோருக்காக ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் திட்டம் 2005 ஏப்ரலில் தொடங்கிற்று. அதனினும் விரிந்த நோக்கோடு அடல் பீமித் வியக்தி கல்யாண் திட்டம் 2018 ஜூலை முதல் தேதி, இரண்டாண்டுச் சோதனையாகத் தொடங்கப்பட்டுப் பின்னர்ப் பலமுறை நீட்டிக்கப்பட்டது. முதலில் சராசரி நாட்சம்பளத்தில் 25 சதவீதமாக இருந்த உதவி, கொரோனா ஊரடங்கின்போது, 2020 மார்ச் 24 முதல் வேலையிழந்தோருக்கு 50 சதவீதமாக உயர்த்தப்பட்டது. 90 நாள் வரை, வாழ்நாளில் ஒரு முறை. நாளொன்றுக்கு 400 ரூபாய் வாங்கியவருக்கு 90 நாளைக்கு 18,000 ரூபாய் ஆகும். பெருஞ்செல்வம் அன்றுதான், ஆயினும் வேறு வேலை தேடும் மூன்று மாதத்திற்கு வீட்டில் உலை கொதிக்கவும், சங்கத் தவணை நிலுவையில் விழாதிருக்கவும் அது போதுமானது.

இது தர்மப் பணம் அன்று. தொழிலாளியின் சம்பளத்தில் 0.75 சதவீதமும் முதலாளியிடமிருந்து 3.25 சதவீதமும் மாதந்தோறும் வசூலித்த பணம். மேற்சொன்ன 12,000 ரூபாய்ச் சம்பளக்காரர் பெயரில் மாதம் 480 ரூபாய் சேர்ந்திருக்கிறது.

ஆனால் திட்டத்தின் வாயிலிலேயே ஒரு தடை இருக்கிறது. ஒழுங்கு நடவடிக்கையால் நீக்கப்பட்டவருக்கும், தாமாக வேலையைக் கைவிட்டவருக்கும், விருப்ப ஓய்வு பெற்றவருக்கும் உதவி இல்லை. இவ்விதியை ஒருவரும் குறைகூற மாட்டார்கள். திருடியவனுக்கும், சலித்துப்போய் வேலையை உதறியவனுக்கும் பொதுநிதியிலிருந்து ஏன் கொடுக்க வேண்டும்? கேள்வி அதுவன்று. ஒருவர் தாமாகக் கைவிட்டாரா, கைவிடும்படி செய்யப்பட்டாரா என்பதை யார் சொல்வது? மாதந்தோறும் கழகத்திற்கு அனுப்பும் சந்தாக் கணக்கில், ஒரு தொழிலாளிக்கு வேலைநாள் இல்லையென்றால் அதன் காரணத்தை முதலாளியே குறிக்கிறார். 'வேலையை விட்டார்' என்பது ஒரு காரணம்; 'ஆட்குறைப்பு' என்பது வேறொன்று. கம்ப்யூட்டரில் எதைத் தொடுகிறார் என்பது ஆலை அலுவலகத்துக் குமாஸ்தாவின் கையில் இருக்கிறது. தொழிலாளிக்கு அது காட்டப்படுவதும் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் ஆய்வுக்குச் சென்ற ஒரு நெசவாளர் சங்கத்தில், அங்கத்தினர் ஒருவரின் மகள் நூற்பாலையில் வேலை செய்து வந்தாள். மஞ்சள் காமாலையால் பத்து நாள் படுத்தாள். இ.எஸ்.ஐ. மருந்தகத்து டாக்டரின் சான்றிதழும் அவள் கையில் இருந்தது. திரும்பிச் சென்றபோது, "பாக்கிச் சம்பளத்திற்கு ஒரு கையெழுத்துப் போடு" என்று ஆலையின் வாசலிலேயே ஒரு தாள் நீட்டப்பட்டது. சொந்த வேலை காரணமாக விலகுவதாக அதில் எழுதியிருந்தது. நோயுற்று உதவி பெறும் காலத்தில் தொழிலாளியை நீக்கலாகாது என்று அப்போதிருந்த 1948ஆம் ஆண்டின் இன்சூரன்ஸ் சட்டம் 73ஆம் பிரிவில் விதித்திருந்தது. நீக்கினால்தானே அந்தப் பிரிவு? அவள்தான் 'விலகிவிட்டாளே'! அவள் படுக்கையில் இருந்தாள் என்று ஒரு சாளரத்தில் சான்று கொடுத்த அதே ஸ்தாபனம், அவள் தானாகவே வேலையை விட்டாள் என்று மறு சாளரத்தில் மனுவைத் திருப்பியது. அந்த வீட்டுக் கடன் நிலுவைப் பட்டியலில் ஏறியது.

நியாயஸ்தலங்கள் இவ்விஷயத்தில் தெளிவாகவே பேசியிருக்கின்றன. நீண்ட நாள் வரவில்லை என்று பேர்ப்பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிடுவதும் ஆட்குறைப்பே என்று 1982ல் ராபர்ட் டிசூசா வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு கூறிற்று. எட்டு நாளுக்கு மேல் வராதவர் வேலையைக் கைவிட்டவரே என்று நிலையாணை இருந்தபோதிலும், விசாரியாமல் நீக்கியது செல்லாது என்று 1993ல் டி.கே. யாதவ் வழக்கில் தீர்ப்பளித்து, அவரை மீண்டும் வேலையில் அமர்த்திப் பாதிப் பின்சம்பளமும் வழங்கச் செய்தது. வருங்காலத் தேதியிட்ட ராஜிநாமாவை, அது நடைமுறைக்கு வருமுன் திரும்பப் பெறலாம் என்பதும் 1978லேயே கோபால் சந்திர மிஸ்ரா வழக்கில் முடிவாயிற்று. ஆனால் கோர்ட்டுத் தீர்ப்பு வர ஆண்டுகள் ஆகும். வயிறு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதில்லை.

ஆகவே, வேலைக்குச் செல்லும் பிள்ளைகளிடம் அங்கத்தினர்கள் சில விஷயங்களை இப்போதே சொல்லிவைக்க வேண்டும். படிக்காத தாளில் கையொப்பமிடலாகாது. "கையெழுத்துப் போட்டால்தான் பி.எப். வரும்" என்று மிரட்டுவது வெறும் மிரட்டலே, வைப்புநிதியும், தகுதியான சேவைக் காலம் இருந்தால் பணிக்கொடையும், ராஜிநாமா செய்தாலும் செய்யாவிட்டாலும் அவர்களுடையவையே. வற்புறுத்தலுக்கு அஞ்சிக் கையொப்பமிட்டுவிட்டாலோ, அன்றோ மறுநாளோ, "இன்ன தேதியில், இன்னார் முன்னிலையில், கட்டாயப்படுத்தி வாங்கப்பட்டது, எனக்கு விலக விருப்பமில்லை, வேலைக்கு வரத் தயார்" என்று நான்கு வரி எழுதி, ஒப்புகையோடு அஞ்சலில் முதலாளிக்கு அனுப்பி, நகலைத் தொழிலாளர் துறை அலுவலருக்கும் அனுப்ப வேண்டும். ஆறு மாதம் கழித்து எழுதும் நாற்பது பக்கத்தைவிட மறுநாள் எழுதும் அந்த நான்கு வரிக்கு மதிப்பு அதிகம். வேலையில் இருந்தபோது வாங்கிய சம்பளச் சீட்டு, மருந்தகச் சீட்டு, போனில் வந்த செய்தி ஆகிய எதையும் எறிந்துவிடலாகாது.

இன்னொரு தவறான எண்ணமும் பரவியிருக்கிறது. வழக்குத் தொடுத்தவர் உதவி கேட்கலாகாது, கேட்டால் வேலைநீக்கத்தை ஒப்புக்கொண்டதாகும் என்று சிலர் காத்திருக்கின்றனர். வேலை போனது நியாயமா என்பது ஒரு கேள்வி. வேலை இல்லை என்பது கண்கூடான உண்மை. முன்னதற்குச் சமரச அதிகாரியிடம் செல்ல வேண்டும். சங்கமாகச் சேராத தனித் தொழிலாளியும் செல்லலாம் என்ற உரிமை 1965 முதல் இருந்து வருகிறது. பழைய சட்டத்தில் மூன்றாண்டாக இருந்த கெடு புதிய தொகுப்பில் இரண்டாண்டாகக் குறைந்திருக்கிறது. 45 நாளில் சமரசம் ஏற்படாவிடில் நேரே தீர்ப்பாயத்திற்குச் செல்லலாம். பின்னதற்கு இ.எஸ்.ஐ. கிளை அலுவலகம். 2020ல் தளர்த்திய விதிப்படி முதலாளி வழியாகச் செல்ல வேண்டியதில்லை. வேலையிழந்து 30 நாள் ஆனதும் நேரே மனுச் செய்யலாம். இரண்டாண்டு இன்சூரன்சில் இருந்திருக்க வேண்டும்; வேலை போவதற்கு முந்திய சந்தாக் காலத்தில் 78 நாளும், அதற்கு முந்திய மூன்று காலங்களில் ஏதேனும் ஒன்றில் 78 நாளும் சந்தா கட்டியிருக்க வேண்டும். இத்திட்டம் தவணை தவணையாக நீட்டிக்கப்படுவதாகையால், அப்போதைய கெடுவையும் விகிதத்தையும் கிளை அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுக்கொள்வது நலம்.

இவையெல்லாம் தொழிலாளி செய்யத்தக்கவை. விதியே மாற வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். பிரிட்டனில் 1911ஆம் ஆண்டின் இன்சூரன்ஸ் சட்டம், ஒழுங்கீனத்தால் வேலையிழந்தவருக்கும், தக்க காரணமின்றித் தாமே விலகியவருக்கும் ஆறு வாரம் மட்டுமே உதவியை மறுத்தது. அதிகாரியின் முடிவு சரியில்லையென்றால், முதலாளிகள் தரப்பில் ஒருவர், தொழிலாளர் தரப்பில் ஒருவர், நடுநிலைத் தலைவர் ஒருவர் அமர்ந்த சபைமுன் செல்ல முடிந்தது. நூறாண்டுக்கு முன்னரே அங்கு ஆறு வாரத் தண்டனை. இங்கோ முழு உதவியும் போகிறது. சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனத்தின் 1952ஆம் ஆண்டு 102ஆம் ஒப்பந்தமும், விலகியவர் என்று மட்டும் சொல்லாமல், 'தக்க காரணமின்றி' விலகியவர் என்றே குறிக்கிறது. இந்தியா அதை ஏற்றுக் கையொப்பமிடவில்லை. அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணச் சட்டம் இன்னும் ஒருபடி மேலே செல்கிறது: முதலாளி மாறாக எழுத்து மூலம் அறிவித்தாலன்றி, உதவி கேட்பவர் ஒழுங்கீனமின்றி நீக்கப்பட்டவர் என்றும், காரணமின்றித் தாமே விலகாதவர் என்றும் அனுமானித்துக்கொள்ள வேண்டும் என்கிறது.

நம் நாட்டிலும் அவ்வாறு செய்வதில் என்ன தடை? பொய் மனுக்கள் குவியும் என்பர். வாழ்நாளில் ஒரே முறை, 90 நாள், பாதிச் சம்பளம் என்னும் வரம்புக்குள் அதிகம் ஏமாற்றிவிட முடியாது. கட்டாயப்படுத்தினர் என்று குறித்த காலத்தில் புகார் செய்தவருக்கு உதவியை முதலில் கொடுத்துவிடட்டும். பின்னர் வழக்கில் முழுப் பின்சம்பளம் கிடைத்தால் அதிலிருந்து கழகம் ஈடுசெய்துகொள்ளட்டும். அவர் தாமாகவே விலகியவர் என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு, ஆவணங்களை வைத்திருக்கும் முதலாளியுடையதாக இருக்கட்டும். நமது சங்கங்களில் ஒரு தகராறு எழுந்தால், 1983ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சட்டத்தின் 90ஆம் பிரிவின்படி அதைப் பதிவாளருக்கு அனுப்பி இருதரப்பையும் கேட்டே தீர்ப்பளிக்கிறோம். கடன் கொடுத்த சங்கத்தின் பேரேட்டை மட்டும் பார்த்து எவரும் தீர்ப்பு எழுதுவதில்லை.

சங்கங்களைப் பற்றிச் சொன்னதால் வேறொன்றையும் சொல்லியாக வேண்டும். சில நிர்வாகிகளுக்கு இது கசக்கலாம். நமது சங்கங்களும் முதலாளிகளே. விற்பனையாளர், எழுத்தர், காவலர் என்று சம்பளத்திற்கு ஆள் வைத்திருக்கிறோம். நிர்வாகக் குழு மாறியதும் பழைய குழு நியமித்தவரை அழைத்து, "நீயே எழுதிக் கொடுத்துவிட்டால் மரியாதையாகப் போகலாம்" என்று சொல்லும் வழக்கம் சில இடங்களில் இருப்பதை நாம் அறிவோம். சங்கக் கோப்புகளில் உள்ள ராஜிநாமாக்களில், ஒரே கையெழுத்தில், ஒரே வாசகத்தில், 'சொந்தக் காரணங்களை முன்னிட்டு' என்று இருவர் மூவர் ஒரே வாரத்தில் விலகியிருந்தால், அந்தச் சொந்தக் காரணம் யாருடையது என்பது எளிதில் விளங்கும். அத்தகைய கடிதங்களைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்குமுன், சம்பந்தப்பட்டவரைக் குழுமுன் நேரில் அழைத்து வினவி, அவர் சொன்னதைப் பதிந்து, அவருக்கு ஒரு நகல் கொடுக்க வேண்டும். இனி ஆய்வுக்கு வரும்போது வரவு செலவுப் பேரேட்டோடு அந்தக் கோப்பையும் கேட்போம். நிர்வாகிகள் எடுத்து வைத்திருக்கட்டும்.