அனுப்பும் படமும் காக்கும் படமும்

கடல் கடந்து வாழும் தமிழர் இல்லங்களில் ஒரு கல்யாணமோ காதுகுத்தோ நடந்தால், மறுநாளே அதன் படங்கள் மின்னஞ்சல் வழியே ஊருக்குப் போய்ச் சேருகின்றன. படச்சுருளைக் கழுவிப் பிரதி எடுத்து, விமானத் தபாலில் அனுப்பிவிட்டு, பதில் கடிதத்திற்காக வாரக்கணக்கில் காத்திருந்த தலைமுறைக்கு இது ஒரு வரப்பிரசாதமே. ஆயினும் வசதி பெருகியதோடு இரண்டு தவறுகளும் பெருகிவிட்டன. ஒரு சாரார், எடுத்த படங்களை எடுத்த அளவிலேயே இருபது முப்பதென்று அனுப்பி வைக்கின்றனர். மற்றொரு சாரார், எல்லாப் படங்களையும் சிறிதாக்கி அனுப்பிவிட்டு மூலப் படத்தையே அழித்துவிடுகின்றனர். முன்னது பெறுபவருக்குத் தொல்லை. பின்னது குடும்பத்திற்கே நஷ்டம்.

முதல் தவற்றை முதலில் பார்க்கலாம். 12 மெகாபிக்சல் கைபேசி எடுக்கும் ஒரு படத்தில் நீளவாக்கில் 4000, உயரவாக்கில் 3000 என்று மொத்தம் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள் உள்ளன. அதன் எடை பெரும்பாலும் 3 முதல் 5 மெகாபைட் வரை இருக்கும். மின்னஞ்சலோ எழுத்துக்களைக் கொண்டு செல்வதற்காகப் பிறந்தது. ஆகவே படத்தையும் அது எழுத்துக்களாக மாற்றித்தான் சுமக்கிறது. அப்படி மாற்றும்போது எடை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. 4 மெகாபைட் படங்கள் ஐந்தைச் சேர்த்தால் 20 அல்ல, ஏறத்தாழ 27 மெகாபைட் ஆகிவிடும். ஜிமெயில் இணைப்பாக ஏற்பது 25 மெகாபைட் வரைதான்.

"இணையம் இப்போது வேகமாகத்தானே இருக்கிறது, எதற்காகச் சுருக்க வேண்டும்?" என்று கேட்போர் உண்டு. வேகம் அனுப்புகிறவர் வீட்டில் இருக்கிறது. பெறுகிறவர் வீட்டில் என்ன இருக்கிறது என்பதே கேள்வி. ஜிமெயில் இலவசமாகத் தரும் 15 கிகாபைட் இடம் அஞ்சலுக்கு மட்டும் உரியதன்று. சேமித்த கோப்புகளும் படங்களும் அதே இடத்தைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. இடம் நிறைந்துவிட்டால் புதிய கடிதம் உள்ளே வராது. பேரக் குழந்தையின் பிறந்தநாள் படங்கள் அடைத்துக்கொண்டதால், பாட்டிக்கு வரவேண்டிய வங்கிக் கடிதமோ மருத்துவமனைக் கடிதமோ திரும்பிப் போகக்கூடும். அது திரும்பிப் போனதே அவருக்குத் தெரியாது. படத் தொகுப்புக்கான சுட்டியை மட்டும் அனுப்பலாமே என்பதும் நல்ல யோசனைதான்; ஆனால் கடவுச்சொல்லைக் கண்டு தயங்கும் முதியவருக்குக் கடிதத்தைத் திறந்ததும் கண்முன் தோன்றும் படமே இன்பம்.

நீண்ட பக்கத்தை 1600 புள்ளிகளாகக் குறைத்தாலே போதும். 1600க்கு 1200 என்றால் மொத்தம் 19 லட்சத்து 20 ஆயிரம் புள்ளிகள்; மூலத்தில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு. கைபேசித் திரையில் பார்ப்பவர் கண்ணுக்கு வேறுபாடு அநேகமாகத் தெரியாது. ஐபோனின் அஞ்சல் செயலி படத்தை அனுப்பும்போது எந்த அளவு வேண்டும் என்று தேர்ந்தெடுக்க இடம் தருகிறது. விண்டோஸ் கணினியோடு வரும் பெயிண்ட் செயலியில் ஒவ்வொன்றாகச் சுருக்கலாம்; இர்ஃபான்வியூ போன்ற செயலிகளில் ஒரு கோப்புறை முழுவதையும் ஒரே முறையில் சுருக்கிவிடலாம்.

ஆனால் சுருக்கக் கூடாத படங்களும் உண்டு. ஊரிலிருக்கும் பெற்றோரின் இரத்தப் பரிசோதனை அறிக்கையையும் மருந்துச் சீட்டையும் படமெடுத்து, வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளுக்கு அனுப்பி அபிப்பிராயம் கேட்பது இன்று வழக்கமாகிவிட்டது. ஜேபெக் என்னும் பட முறை, இயற்கைக் காட்சியிலும் முகத்திலும் கண் கவனிக்காத நுட்பங்களைக் கழித்து எடையைக் குறைக்கும் முறை. எழுத்துக்கோ அந்த நுட்பமே உயிர். மிகச் சிறிதாக்கிய சீட்டில் முதலில் மறைவது தசமப் புள்ளி. 2.5 மில்லிகிராம் 25 ஆகத் தோன்றினால் அதன் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே மருத்துவக் காகிதங்களை நல்ல வெளிச்சத்தில், மேசைமேல் விரித்து, ஒரு படத்துக்கு ஒரு பக்கமாக எடுத்து, முழு அளவிலேயே அனுப்ப வேண்டும். அனுப்புமுன் பெரிதாக்கி ஒவ்வோர் எண்ணையும் சரிபார்ப்பது கடமை.

இரண்டாவது தவறு இதனினும் பெரியது. தெளிவான அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்பது அச்சுத் தொழிலின் பொதுவான கணக்கு. சுவரில் மாட்ட 8 அங்குல அகலமும் 10 அங்குல உயரமும் உள்ள படம் வேண்டுமானால், 2400க்கு 3000 புள்ளிகள் தேவை. மின்னஞ்சலுக்காக 640க்கு 480 ஆகக் குறைத்த படம் அந்தக் கணக்கில் இரண்டே கால் அங்குல அகலத்தைக்கூட எட்டாது. வீட்டுப் பெரியவர் காலமான மறுநாள், மாலையிட்டு வைக்க ஒரு நல்ல படம் தேடும் குடும்பங்களுக்கு இந்தக் கணக்கின் பொருள் நன்றாகத் தெரியும். பழைய அஞ்சலில் கிடைப்பது கட்டைவிரல் அளவுப் படம். பெரிதாக்கினால் முகம் கட்டம் கட்டமாகக் கலைகிறது. கழித்த புள்ளிகளைத் திரும்பக் கொண்டுவர எந்தச் செயலியாலும் இயலாது. செயற்கை நுண்ணறிவு கொண்டு தெளிவாக்குவதாகச் சொல்லும் செயலிகளும் ஊகித்தே நிரப்புகின்றன. ஊகித்து வரைந்த முகம் தாத்தாவின் முகம் ஆகாது.

பரிகாரம் எளிது. சுருக்கிய படத்தை வேறு பெயரில், தனிக் கோப்புறையில் சேமிக்க வேண்டும். மூலத்தின் மேலேயே எழுதிவிடலாகாது. ஜேபெக் படத்தைத் திருத்தித் திருத்திச் சேமித்தால் ஒவ்வொரு முறையும் சிறிது தேயும் என்பதால், எப்போதும் மூலத்திலிருந்தே புதிய பிரதி எடுக்க வேண்டும். மூலங்கள் கணினியில் ஒன்று, தனி வட்டில் ஒன்று என இரண்டு இடங்களிலாவது இருத்தல் நலம். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை மூலமென்று நம்புவதும் தவறு. அது வழியிலேயே சுருங்கி வருவது வழக்கம். எடுத்தவரிடமே மூலத்தைக் கேட்டு வாங்குவது உத்தமம்.

கணினியில் தேர்ந்த இளைஞர்கள் இல்லாத வீடு இன்று அரிது. அவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையை ஒதுக்கி, பெற்றோருடன் அமர்ந்து, பெரியவர்களின் படங்களில் மூலம் எது, பிரதி எது என்று பிரித்து வைப்பார்களாக. அனுப்பும் படம் சிறிதாக இருக்கட்டும்; காக்கும் படம் எடுத்த அளவிலேயே இருக்கட்டும்.